ஐயாவின் நடை: கானாடுகாத்தான் வீட்டுப் படங்கள் டிவிக்கு வந்த கதை

போன வருடம் படைப்புக்கு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள்) நாலு வாரம் இருக்கும்போது இந்த வேலை என் கைக்கு வந்தது. கானாடுகாத்தானில் எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் பங்காளிகள் எல்லோரும் கூடும் நாள் அது. வருடத்தில் பாதி நாள் பூட்டிக்கிடக்கும் வீடு அன்றைக்குத்தான் நிறையும். அன்று மாலை வளவில் (வீட்டின் உள்முற்றத்துக் கூடம்) டிவியை வைத்து, வீட்டில் இருக்கும் பழைய படங்களைப் போட்டுக்காட்ட வேண்டும் என்று அம்மான் ஆசைப்பட்டார். படங்களை எல்லாம் அதற்கு முந்தின வருடமே ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றியாகிவிட்டது. பணமும் கொடுத்தாகிவிட்டது. ஒரு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு பென்டிரைவும் வீட்டுக்கு வந்திருந்தன. "டிவியில சொருகிப் போட வேண்டியதுதானே" என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். எனக்கும் அதே நினைப்புதான்.

சொருகினோம். பாதி ஃபைல்களுக்கு டிவி வாயே திறக்கவில்லை. திறந்த மீதியைப் பார்த்து ஆயா சொன்ன ஒரு வார்த்தையிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், கையில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கையில் இருந்தவை

நாலு வகைச் சரக்கு. ஒன்று, ஐயா (ஆயாவின் கணவர், என் தாத்தா) மலேசியாவில் ஈப்போவில் கிட்டங்கியில் (செட்டியார்கள் தொழில் நடத்தித் தங்கும் இடம்) இருந்த காலத்தில் எடுத்த சூப்பர் 8 ஃபிலிம் சுருள்கள், ஆறு. ஒலி கிடையாது. பினாங்கு தைப்பூச வெள்ளி ரதம், ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள், விடுப்பில் ஊருக்கு வந்தபோது எடுத்த இந்த வீடு. இரண்டு, சின்னம்மாவின் கல்யாணம், 1989, மூன்று மணி நேர விஎச்எஸ் டேப். மூன்று, ஐயாவின் எண்பதாம் கல்யாணம், 2004, ஒரு டிவிடி. நாலு, எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகமும் ஒரு பிள்ளையார் நோன்பும் இருந்த மினி டிவி டேப், இரண்டு.

கடையில் ஃபிலிமை மூவ் ஃபைலாக, புரோரெஸ் என்ற கோடெக்கில் (படத்தைச் சுருக்கிப் பதியும் முறை) கொடுத்திருந்தார்கள். எடிட்டிங் செய்பவர்களுக்கு அது அருமையான வடிவம். வீட்டு டிவிக்கு அது புரியாத பாஷை. கல்யாண டேப்பை "ஃபுல் எச்டி" எம்பி4 ஆக்கியிருந்தார்கள். டிவிடியை நாலு துண்டு எக்ஸ்விட் ஏவிஐ. மினி டிவி டேப்புகள் அப்படியே டிவி கோடெக்கில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13 ஜிபி. (பெயர் குழப்பும்: மினி டிவி டேப்பின் 'டிவி' டிஜிட்டல் வீடியோ. வீட்டில் சுவரில் மாட்டுவது வேறு.)

வீட்டில் டிவி இரண்டு. வளவில் சிங்கப்பூர் அண்ணன் வாங்கி அனுப்பிய புதிய 55 அங்குலம். ஆயாவின் அறையில் பத்து வருடப் பழசான 32 அங்குலம். புதியதில் ஓடிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கேயே ஒரு பாடம் கிடைத்தது. எக்ஸ்விட் ஃபைல்கள் பழைய டிவியில் நன்றாக ஓடின, புதியதில் ஓடவில்லை. அந்தக் கோடெக்குக்கு இருந்த ஆதரவைப் பல புதிய டிவிகளில் எடுத்துவிட்டார்கள். புதிது என்றால் பழையதை எல்லாம் பாடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கம்ப்யூட்டரை நம்பியது

நான் செய்த முதல் தவறு, எல்லாவற்றையும் என் லேப்டாப்பில் வைத்துச் சரிபார்த்தது. விஎல்சி பிளேயர் எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிடும். அதுதான் அதன் பெருமை, இந்த வேலைக்கு அதுதான் ஆபத்தும். புரோரெஸையும் ஓட்டியது, மினி டிவி டேப் ஃபைலையும் ஓட்டியது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அம்மான்" என்று காரைக்குடியிலிருந்து போனில் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொருகியபோதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்தேன். ஃபைலின் உள்ளே என்ன கோடெக், விநாடிக்கு எத்தனை பிரேம், அகலம் உயரம் எவ்வளவு, ஒலி எந்த வகை என்று எல்லாம் சொல்லிவிடும். எம்பி4, ஏவிஐ, மூவ் என்பதெல்லாம் டப்பாவின் பெயர்தான். உள்ளே இருப்பது சீடையா முறுக்கா என்பதைத் திறந்தால்தான் தெரியும். டிவி பார்ப்பது உள்ளே இருப்பதை.

இன்று கடையில் கிடைக்கும் டிவிகள் ஏறக்குறைய எல்லாமே சிரமமில்லாமல் ஓட்டுவது ஒன்று: எம்பி4 டப்பாவுக்குள் எச்.264 படம், ஏஏசி ஒலி. படம் 8 பிட், 4:2:0 வகையாக இருக்க வேண்டும் (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது என்பதன் கணக்கு இவை). புரோரெஸ் 10 பிட், 4:2:2. அதை அப்படியே எச்.264 ஆக்கினால் மென்பொருள் அந்த 10 பிட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். டிவி கறுப்புத் திரையைத்தான் காட்டும். முதல் மாற்றத்தில் எனக்கு அதுதான் நடந்தது. 4:2:0 என்று தனியாகச் சொல்லி மாற்றியபின்தான் படம் வந்தது.

அதற்கு அடுத்து வந்த எச்.265 கோடெக்கை எடுத்தால் இன்னும் சின்ன ஃபைல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஆயாவின் டிவிக்கு அது தெரியாது. இந்தப் படங்களைப் பார்க்க அதிக உரிமை உள்ளவர் ஆயா. அவர் டிவிக்கு எது தெரியுமோ அதுதான் இந்த வேலைக்கு அளவுகோல் என்று முடிவு செய்துகொண்டேன். இதற்கப்புறம் வந்த குழப்பங்களை எல்லாம் அந்த ஒரு முடிவு தீர்த்தது.

ஐயா ஏன் ஓடுகிறார்?

படம் வந்துவிட்டது. ஆயாவைக் கூட்டிவந்து உட்காரவைத்து மூன்றாவது சுருளைப் போட்டேன். இதே வீட்டின் முகப்பு. வெள்ளை வேட்டியில் ஐயா திண்ணையிலிருந்து இறங்கி, நிலைகளைக் கடந்து உள்ளே வருகிறார். வாசலில் நின்றால் பின்கட்டு வரை ஒரே கோட்டில் கதவுகள் தெரியும் வீடு இது. கேமராவும் அந்தக் கோட்டில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நிறம் கொஞ்சமும் கெடவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆயா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏப்பா, உங்க ஐயா ஏன் இப்படி ஓடுறாக? அவுக ஒரு நாளும் இப்படி நடந்ததில்லையே. நிதானமாத்தான் நடப்பாக."

எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. பழைய படம் என்றாலே கொஞ்சம் விறுவிறு என்றுதான் இருக்கும் என்று பழகிவிட்டோம். அந்த வயதில் ஐயா நடந்ததைப் பார்த்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

சூப்பர் 8 சுருள் ஒன்று 50 அடி. அடிக்கு 72 பிரேம். ஆகவே 3600 பிரேம். வீட்டுக் கேமராக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 18 பிரேம் எடுத்தன. அந்தக் கணக்கில் ஒரு சுருள் ஓட வேண்டியது 200 விநாடி, அதாவது 3 நிமிடம் 20 விநாடி. கடை கொடுத்த ஃபைல் ஒவ்வொன்றும் 2 நிமிடம் 24 விநாடி இருந்தது. 3600-ஐ 25-ஆல் வகுத்தால் வரும் எண் அது. ஸ்கேன் செய்தவர்கள் பிரேம்களை அழகாக எடுத்துவிட்டு, ஓடும் வேகத்தை மட்டும் நம் ஊர் டிவி முறைக்குரிய 25-இல் விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் 18தானா, 16ஆ, 24ஆ? கேமரா இப்போது வீட்டில் இல்லை. சான்று படத்துக்குள்ளேயே கிடைத்தது. முகப்புச் சுவரில் பெண்டுலக் கடிகாரம் தெரிகிறது. அதே கடிகாரம் அதே ஆணியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்டுலத்தின் நீளம் மாறாதவரை அதன் ஆட்டம் மாறாது. செல்போன் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றேன். பத்து முறை போய்வர 12½ விநாடி. திரையில் எண்ணினேன். 9 விநாடி. 9-ஐ 12½-ஆல் வகுத்தால் 0.72. 18-ஐ 25-ஆல் வகுத்தாலும் 0.72. ஆயா சொன்னது எண் மாறாமல் சரி.

இதைத் திருத்த, வீடியோ வடிவம் மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதாது. அதில் இப்படி ஓட்ட வேகத்தை மாற்ற வழியில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருளில், "இந்த ஃபைலை விநாடிக்கு 18 பிரேம் என்று எடுத்துக்கொள்" என்று உள்ளே வரும்போதே சொல்லிவிடலாம். பிரேம் ஒன்றுகூடக் கெடாது, ஓட்டம் மட்டும் மாறும். வெளியே எடுக்கும்போது 18-ஆகவே விட்டால் டிவி திணறக்கூடும். 25 என்று எடுத்தால் ஒவ்வொரு விநாடியிலும் ஏழு பிரேம் மட்டும் இரண்டு முறை வந்து நடை இடறும். 50 என்று எடுத்தால் ஒவ்வொரு பிரேமும் இரண்டு அல்லது மூன்று முறை வரும். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. 50-ஐ எடுத்தேன்.

இடைப் பிரேம்களை மென்பொருளே கற்பனை செய்து நிரப்பும் வசதியும் உண்டு. அதை நான் தொடவில்லை. ஐயாவின் கை அசைவில் அவர் அசைக்காத ஒன்றைச் சேர்க்க எனக்கு மனமில்லை. புதிய டிவியிலும் இதே வேலையைச் செய்யும் ஒரு அமைப்பு இருக்கிறது. ஆளுக்கு ஆள் பெயர் வேறு வைத்திருப்பார்கள், அசைவை மென்மையாக்குவது என்ற பொருளில் இருக்கும். பட அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிட்டேன். அணைக்காமல் பார்த்தபோது ரதத்தின் முன்னால் ஆடும் காவடிகளின் ஓரம் தண்ணீர்போல் நெளிந்தது.

கல்யாண டேப்: சரிசெய்ய முடியாத ஃபைல்

இந்த ஆய்வில் எனக்கு அதிக வருத்தம் தந்தது இதுதான்.

பழைய டிவி முறையில் ஒரு படம் இரண்டு பாதியாக வரும். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் மறுபாதி, விநாடிக்கு 50 பாதிகள். குழாய் டிவியில் அது இயல்பாகக் கலந்துவிடும். இன்றைய டிவி முழுப்படமாகக் காட்டுவது. இரண்டு பாதியையும் பிரித்து முழுப்படங்களாக ஆக்காமல் ஒட்டிவைத்தால், அசையும் பொருளின் ஓரமெல்லாம் சீப்புப் பல்போலத் தெரியும். இதைப் பிரிப்பதற்கு டிஇன்டர்லேஸ் என்று பெயர்.

கடையில் அதைச் செய்யாமலேயே 576 கோடு இருந்த படத்தை 1080-க்கு இழுத்துவிட்டார்கள். இழுத்தபோது ஒற்றையும் இரட்டையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. இனி எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது, மாவில் கலந்த உப்பு மாதிரி. போதாக்குறைக்கு 4:3 படத்தை அகலத் திரை முழுக்க விரித்திருந்தார்கள். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் சின்னம்மாவின் முகம் பக்கவாட்டில் பருத்து, கழுத்துரு (எங்கள் பக்கத்துத் தாலி) ஒரு முழம் அகலத்துக்குத் தெரிந்தது. அகலத்தையாவது திரும்ப ஒடுக்கலாம். அசையும் கை எல்லாம் பட்டை பட்டையாக இருந்ததை ஒன்றும் செய்ய முடியாது. "ஃபுல் எச்டி" என்ற சொல்லைக் கேட்டு நாங்களும் அன்றைக்கு மகிழ்ந்துதான் வாங்கினோம்.

முதலில் டேப்பிலிருந்து எடுத்த அசல் ஃபைலைக் கேட்டேன். அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். மறுபடி டேப்புக்குப் போவதைத் தவிர வழியில்லை. நல்ல வேளை, டேப்பை அம்மான் தூக்கிப்போடாமல் பெட்டகச் சாலையில் வைத்திருந்தார். ஆனால் ஜன்னல் திறக்காமல் ஒரு மழைக்காலம் கிடந்ததில் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. பூஞ்சை படிந்த டேப்பை அப்படியே விசிஆரில் போடக் கூடாது. டேப் கெடும், விசிஆரின் ஹெட்டும் கெடும், அதற்கடுத்துப் போடும் நல்ல டேப்புக்கும் பூஞ்சை ஏறும். மதுரையில் இதைச் சுத்தம் செய்து எடுத்துக்கொடுக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எதையும் மாற்ற வேண்டாம். டேப்பில் இருப்பதை இருக்கிறபடி, 720-க்கு 576-ஆக, பாதிப் படங்களோடு கொடுங்கள்." ஒரு வாரம் போயிற்று. நாட்களை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அது நீண்ட வாரம்.

அந்த அசலிலிருந்து செய்தது இவ்வளவு. எஃப்எஃப்எம்பெக்கில் உள்ள பிடபிள்யூடிஃப் (bwdif) என்ற வடிகட்டியால் 50 பாதிகளையும் 50 முழுப்படங்களாக்கினேன். 25 ஆக்கினாலும் ஓடும், ஆனால் தவில் வாசிப்பவரின் கையைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். 50-இல் டேப்பில் இருந்த அசைவு முழுசாக இருக்கிறது. இதில் ஒற்றை முதலா இரட்டை முதலா என்பதைத் தப்பாகச் சொன்னால் படம் முன்னும் பின்னும் உதறும். மினி டிவி டேப்பில் கீழ்க்கோட்டுப் பாதிதான் (இரட்டை) முதலில் வரும். டிவிடியில் பெரும்பாலும் மேல்கோடு (ஒற்றை). சந்தேகம் வந்தால் யாராவது நடந்துபோகும் பத்து விநாடியை இரண்டு விதமாகவும் மாற்றிப் பார்த்தால் போதும், கண்ணே சொல்லிவிடும்.

720-க்கு 576 என்பதை அப்படியே சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் ஆட்கள் கொஞ்சம் ஒடுங்கித் தெரிவார்கள். 768-க்கு 576 என்று ஆக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சீர் வரிசையில் வைத்திருந்த வெள்ளித் தாம்பாளம் நேர் எதிராகத் தெரியும் ஒரு காட்சியை நிறுத்தி, டிவி திரையில் ஸ்கேலை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்தேன். வட்டம் வட்டமாக இருந்தால் முகமும் முகமாக இருக்கும். டிவியிலும் படத்தின் அளவு என்ற இடத்தில் 'திரை நிறைய' என்று இருந்ததை மாற்றி அசல் அளவில் வைத்தேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதைப் பார்த்துவிட்டு "டிவி வீணாகுதே" என்று அண்ணன் கேட்டார். ஒரு முறை விரித்தும் ஒரு முறை அசலாகவும் காட்டினேன். அப்புறம் கேட்கவில்லை.

விஎச்எஸ் படத்தின் அடியில் நாலைந்து கோடு எப்போதும் கிழிந்து ஆடும். விசிஆரின் ஹெட் மாறும் இடம் அது. குழாய் டிவி ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துவிட்டதால் அந்தக் காலத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. இப்போது பளிச்சென்று தெரிகிறது. வெட்டினால் அளவு மாறும் என்பதால் அந்தக் கோடுகளின்மேல் கறுப்பை மட்டும் பூசினேன்.

ஒலி இன்னொரு சங்கதி. டேப்பில் ஒலி இடது பக்கத்தில் மட்டும் இருந்தது. ஆயாவுக்கு இடது காது மந்தம். அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி பார்ப்பவர். நாதஸ்வரம் ஒரு பக்கம் மட்டும் வந்தால் அவருக்கு எட்டாது. இடது ஒலியை இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தேன்.

மற்றவை

டிவிடியில் படம் ஒரே ஓட்டமாக இருந்தாலும் டிஸ்க்குக்குள் 1 ஜிபி துண்டுகளாகத்தான் இருக்கும். கடையில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றியதால் வெட்டு விழுந்த இடத்தில் ஒரு நொடி காணாமல் போய், அதற்கப்புறம் பேச்சு உதட்டோடு சேரவில்லை. டிஸ்க் நல்ல நிலையில் இருந்ததால் ஹேண்ட்பிரேக்கில் டிஸ்க்கையே திறந்து முழுப் படத்தையும் ஒரே ஃபைலாக எடுத்துவிட்டேன். மினி டிவி டேப்புகளும் சிரமம் தரவில்லை.

முதலில் எல்லாவற்றையும் 1440-க்கு 1080, விநாடிக்கு 50 பிரேம் என்று செய்திருந்தேன். புதிய டிவியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆயாவின் டிவியில் நின்று நின்று ஓடியது. எச்.264-இல் லெவல் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த அளவுக்கு 4.2 தேவை. பழைய டிவிகள் பல 4.1 வரைதான் தாங்கும். டேப்பில் 1080-க்கான விவரம் எங்கும் இல்லை, பெரிதாக்குவதை டிவியே செய்துகொள்ளும். அதனால் டேப், டிவிடி எல்லாம் 768-க்கு 576, ஃபிலிம் மட்டும் 960-க்கு 720 என்று குறைத்தேன். இரண்டு டிவியிலும் ஓடியது.

பென்டிரைவ் ஆயா டிவிக்காக எஃப்ஏடி32 முறையில் இருக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. விநாடிக்கு 6 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரம் 2.7 ஜிபி வரும். கல்யாணம் மூன்று மணி நேரம். எப்படியும் வெட்ட வேண்டும் என்பதால் மாப்பிள்ளை அழைப்பு, திருப்பூட்டு, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதுவது என்று நிகழ்ச்சி வாரியாக வெட்டினேன். ஆயா இதைத்தான் அதிகம் மெச்சினார். மூன்று மணி நேரப் படத்தில் ரிமோட்டை அழுத்திப் பிடித்துத் தேடுவது அவரால் ஆகாது. ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தேன். பழைய டிவி அதைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. ஆங்கில எழுத்தில் வைத்து, முன்னால் 01, 02 என்று எண் போட்டேன். வெறும் 1, 2 என்று போட்டால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

கடை கொடுத்த புரோரெஸ், மதுரையில் எடுத்த அசல், மினி டிவி டேப்பின் 13 ஜிபி ஃபைல்கள், டிவிடியின் முழு நகல் எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று இங்கே, ஒன்று சிங்கப்பூரில். டிவியில் போட எடுத்த ஃபைல்கள் போனாலும் இந்த அசல்களிலிருந்து ஒரு நாளில் மறுபடி செய்துவிடலாம். இருபது வருடம் கழித்து அன்றைய டிவிக்கு எச்.264 பிடிக்காமல் போனால் அன்றைக்கும் அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். சுருள்களையும் டேப்புகளையும் தூக்கிப்போடுவதில்லை என்று அம்மானிடம் உறுதி வாங்கிக்கொண்டேன்.

படைப்பு அன்று

மாலை ஏழு மணிக்கு வளவில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். மூன்றாவது சுருளை முதலில் போட்டேன். ஐயா திண்ணையிலிருந்து இறங்கினார், நிலையைத் தாண்ட ஒரு கணம் குனிந்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்து வந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தை நோக்கித்தான் வந்தார்.

"இப்ப சரி" என்றார் ஆயா.

மறுநாள் காலை காப்பி கொண்டுபோனபோது அவர் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் கூப்பிடாமல் அவரே போட்டிருந்தார். 03-இல் இருந்தது. சுருள் முடிந்ததும் ரிமோட்டை எடுத்து மறுபடி அதையே அழுத்தினார்.

ஊருக்குக் கிளம்பும்போது அம்மான் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். கடைக்குக் கொடுத்த ஆறில் சேராமல் விட்டுப்போன ஏழாவது சுருள். திறந்ததும் காடி வாடை அடித்தது. அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது. பக்கத்தில் இருக்கும் நல்ல சுருளையும் அது கெடுக்கும் என்பதால் தனி உறையில் போட்டு எடுத்துவந்துவிட்டேன். அடுத்த வாரம் ஸ்கேனுக்கு அனுப்புகிறேன். கூடவே ஒரு தாளில் விநாடிக்கு 18 பிரேம் என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.